மலையைச் சுற்றிய இரண்டு படைகள்

மருத்துவர் என் கையில் சுற்றியிருந்த இரத்த அழுத்தப் பட்டையை அவிழ்த்துவிட்டு, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன் என்றேன். "அதுக்கு இவ்ளோ ஏறாதே சார்" என்று மறுபடியும் பட்டையைச் சுற்றினார். இரண்டாம் முறை அளவு இன்னும் சற்றுக் கூடியிருந்தது. அருகில் நின்ற என் மனைவி, "டெய்லி சாயங்காலம் சண்டைக்குப் போறாரு டாக்டர்" என்றாள். மருத்துவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான உடம்பும் தடித்த கண்ணாடியும் கொண்ட ஒருவன் யாரோடு சண்டைக்குப் போக முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல" என்று அவள் விளக்கியதும், மருந்துச் சீட்டின் அடியில் ஒரு கோடு கிழித்தார். "ஃபர்ஸ்ட் அதை நிறுத்துங்க. அப்புறம் உப்பைக் கம்மி பண்ணுங்க."

உப்பைக் குறைப்பது எளிதாக இருந்தது.

அந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு அதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இருதரப்பிலும் நான்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, கொஞ்சம் விளைநிலம், ஒரு சுரங்கம். விளைவித்து, வெட்டியெடுத்து, படை திரட்டி, எதிரியின் கோட்டையை வீழ்த்த வேண்டும். எல்லாம் கணினித் திரையில் நடக்கும். எதிரே இருப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்து எதைத் தின்றுகொண்டு நம் களஞ்சியத்துக்குத் தீ வைக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

எங்கள் அணியை நானும் என் மைத்துனனும் சேர்ந்து தொடங்கினோம். மனைவியின் தம்பியான அவன் கிரிவலப் பாதையருகே ஒரு தங்கும் விடுதியை நடத்துகிறான், அணித்தலைமையும் அவனுடையதே. மூன்றாமவர் வேங்கிக்காலில் குடியிருக்கும் அரசுப் பணியாளரான ஓர் அம்மையார். அதிகம் பேசமாட்டார், குதிரைப்படையைச் செலுத்தும்போது இரக்கமும் காட்டமாட்டார். நான்காமவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரம் செய்பவர். அவர் சமணர். வாழ்வில் கொள்ளும் கொல்லாமையை அவர் ஆட்டத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு வில்லாளியைக்கூட அவர் பயிற்றுவித்து நான் கண்டதில்லை. வயல், களஞ்சியம், மதில், மருத்துவச்சாலை ஆகியவற்றை மட்டுமே எழுப்புவார். விளைந்ததை எங்கள் மூவருக்கும் பகிர்ந்து அனுப்புவார். அதை உண்டுவிட்டு எங்கள் வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த விளையாட்டில் கடலைச் சாகுபடி இல்லையே என்பது ஒன்றுதான் அவருக்கிருந்த மனக்குறை. கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர் என்பதால், அவர் கை கழுவிவிட்டு வந்த பிறகே எங்கள் போர்கள் தொடங்கும்.

பௌர்ணமியன்று போரில்லை. எதிரணியினர் இதைப் பக்தி என்று எண்ணி மதித்தார்கள். உண்மை வேறு. அன்று மைத்துனனின் விடுதி நிரம்பி வழியும். ஊரில் திரளும் கூட்டத்தில் கைப்பேசி அழைப்பே போய்ச் சேராது, படை எங்கே போய்ச் சேரும்?

மருத்துவர் சொல்லைத் தட்டாமல் நான் விலகினேன். விலகிய அன்று மனைவியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நாள்தோறும் விளையாட்டைத் திறந்தால் ஒரு பரிசுப்பெட்டி வரும். அதைத் தட்டித் திறந்து வைத்துவிட வேண்டும். என் கோட்டை பாழடைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

"இதைத் தட்டினா போதுமா?"

"போதும். வேற எதையும் தொடாதே."

"செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி."

"அதே மாதிரிதான்."

ஆண்டுகள் சென்றன. அவள் தட்டுவதோடு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் பெட்டிக்குள் இருந்த குதிரைகளைச் சும்மா நிறுத்தி வைக்க மனம் வராமல் கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு, என் பெயரில் ஓட்டி எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று தனக்கென ஒரு கோட்டை அமைத்துக்கொண்டாள். அணியில் என் இடம் காலியாக இருந்தது. "அக்கா, ஒருநாளைக்கு மட்டும் வா" என்று மைத்துனன் அழைத்தான். அந்த ஒருநாள் முடியவே இல்லை. பார்த்தாலே அழுத்தம் ஏறும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், மாலைதோறும் நான் விடைத்தாள்களோடு உள்ளறைக்குள் போய்விடுவேன். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவள் ஏதோ சொல்ல, கீழ்பென்னாத்தூரிலிருந்து வியாபாரி இருமியபடி சிரிப்பார். வேங்கிக்கால் அம்மையார்கூட ஒரு சொல் பேசுவார். என் வீட்டில், என் நண்பர்கள், நான் இல்லாமல் சிரித்தார்கள். மாணவர்கள் எழுதிய விடைகளில் என்னைச் சிரிக்க வைக்கக்கூடியவை பல இருந்தன. ஆனால் அவற்றைப் படித்துக்காட்ட ஆளில்லை.

ஆகவே, சென்ற கோடையில் மருத்துவர் பட்டையை அவிழ்த்துவிட்டு, "இப்ப பரவால்ல. கொஞ்சம் கொஞ்சமா ஆடலாம், கோவப்படாம ஆடுங்க" என்று சொன்னபோது, மருந்துக்கடைக்குக்கூடப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு எறும்பைவிட மெதுவாக நீண்டது. அது முடிந்து என் கோட்டைக்கதவு திறந்தபோது, வாயிலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் விட்டுச் சென்ற படைத்தலைவர் நரைத்த தாடியும் இரும்புக் கவசமும் கொண்ட முதியவர். இப்போது அவர் தலையில் அன்னாசிப்பழ வடிவில் ஒரு தொப்பி இருந்தது. இடுப்பில் பூப்போட்ட அரைக்கால் சட்டை. முதுகில் இரண்டு சிறகுகள். அவை விட்டுவிட்டு மின்னின.

"என்ன இது?"

"பெட்டியில ஃப்ரீயா குடுத்தாங்க. வீணாப் போகுதேனு போட்டேன்" என்றாள் மனைவி.

"கழட்டு."

"கழட்டுனா போயிடும்ங்க. திரும்பக் குடுக்க மாட்டாங்க. நல்லாத்தான இருக்கு?"

அந்தக் கோலத்திலேயே அவரைக் களத்துக்கு அனுப்பினேன். முன்பின் அறியாத மூவரோடு என்னை விளையாட்டே ஓர் அணியில் சேர்த்தது. நான் விட்டுப்போன காலத்தில் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது சந்தை இருந்தது. வில்லாளிகள் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பறவையின் மீது அமர்ந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களை எப்படிக் கீழிறக்குவது என்று நான் தேடிக்கொண்டிருக்கையில் என் கோட்டை எரிந்துவிட்டது. எதிரணியிலிருந்து ஒரு குரல், "அங்கிள், இருக்கீங்களா, எழுந்து போயிட்டீங்களா?" என்றது. இருக்கிறேன் என்றேன். "இருந்துமா?" என்று அந்தக் குரல் உண்மையிலேயே வியந்தது.

மேலும் பல மாலைகள் தோற்ற பிறகு கை சிறிது பழகியது. அப்படி ஒருநாள் எதிரணிக்காரர் ஒருவர் எந்த ஊர் என்று நட்போடு கேட்டார். திருவண்ணாமலை என்றேன்.

"அட, அப்ப லெஃப்ட்லதான் வருவீங்க. வாங்க வாங்க, வெயிட் பண்றோம்."

அவர் சொன்னதன் பொருள் எனக்கு முதலில் புரியவில்லை. அந்தக் களத்தின் நடுவே ஒரு மலை உண்டு. செங்குத்தானது, குதிரைகள் ஏறா. தெற்கே ஒரு தரப்பு, வடக்கே மறு தரப்பு. எதிரியிடம் போக மலையை மேற்காகவும் சுற்றலாம், கிழக்காகவும் சுற்றலாம், தொலைவு ஒன்றே. தெற்கிலிருந்த நான் வழக்கம்போலப் படையை மேற்கே திருப்பி, மலையை வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு போனேன். மேற்குச் சரிவில் அவர்கள் எல்லோரும் மரநிழலில் காத்திருந்தார்கள்.

அன்றே மைத்துனனிடம் இதைச் சொன்னேன். விடுதியின் வரவேற்பு மேசையில் அவன் சாவிகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியும் மாமா. எல்லாருக்கும் தெரியும். திருவண்ணாமலை டீம்னா லெஃப்ட்ல நின்னா போதும்னு தமிழ்நாடு பூரா பேசிக்கிறாங்க."

"தெரிஞ்சுமா மாத்தலை?"

"நீங்க மாத்துவீங்களா?"

நாங்கள் யாரும் கூடி முடிவெடுத்த வழக்கம் அன்று அது. மலை என்று ஒன்று இருந்தால் அதை இடமாகச் சுற்ற எங்கள் கை வராது. அது வரைந்த மலை என்பதும், சுற்றுபவை வரைந்த குதிரைகள் என்பதும் கைக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் வியாபாரியும் எங்களோடு ஒன்றுபட்டிருந்தார். "எங்க கோயில்லயும் வலமாத்தான் சுத்துவோம். அதை மாத்தச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், சாமி" என்பார். ஆக, அணி தொடர்ந்து மேற்குச் சரிவில் மடிந்துகொண்டிருந்தது.

"சரி, அதை விடு. நான் எப்ப திரும்ப வரலாம்?" என்று கேட்டேன்.

மைத்துனன் ஒரு சாவியை நெடுநேரம் துடைத்தான். பருவத்தொடர் அடுத்த வாரம் தொடங்க இருந்தது. தொடங்கிவிட்டால் நால்வரில் ஒருவரை மாற்ற அடுத்த பருவம்வரை வழியில்லை.

"இடம் அக்காகிட்ட இருக்கு மாமா. நீங்களே பேசிக்குங்களேன்."

வீட்டுக்கு வந்து பேசினேன். அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அணியை ஆரம்பிச்சது நான்."

"ஆமா. விட்டுட்டுப் போனதும் நீங்கதான்."

"விட்டுட்டா போனேன்? டாக்டர் சொன்னாரு."

"நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலையே. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வேளைதான். அதைச் சும்மா எடுத்துக் குடுனு கேட்டா எப்படி? ஜெயிச்சு எடுத்துக்குங்க."

"உன்கூடவா?"

"ஏன், பயமா?"

இரத்த அழுத்தம் ஏறுவதை நான் பட்டை இல்லாமலே உணர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என்று முடிவாயிற்று. என் படைக்கும் அவள் படைக்கும் தனிப்போர். வென்றவர் அணியில் இருப்பார்; தோற்றவர் அடுத்த பருவம்வரை வாய் திறக்கக் கூடாது. நடுவராக வியாபாரியை ஏற்றுக்கொண்டோம். கொல்லாதவர் சொன்னால் இருவரும் கேட்போம் என்பது மைத்துனனின் எண்ணம். அவனும் வேங்கிக்கால் அம்மையாரும் தத்தம் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். எல்லோரும் ஒரே அழைப்பில் பேசிக்கொள்ளலாம். மைத்துனன் ஓர் எச்சரிக்கையும் விடுத்தான். வரையறுத்த நேரத்துக்குள் ஒரு வீரனாவது வீழாவிட்டால், இருவரும் ஒத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று கருதி, விளையாட்டு இருவரையுமே தோற்றவராக அறிவித்துவிடும்.

"அப்படி எதுவும் ஆச்சுன்னா ரெண்டு பேரும் கிடையாது. என் லாட்ஜுல மூணாவது மாடியில ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு. அவரைப் போட்டுடுவேன்."

"யாரு, அந்த மௌனச்சாமியா?" என்றாள் மனைவி.

"அவருதான். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசலை. ஆனா சாயங்காலம் ஆனா வைஃபை பாஸ்வேர்டை எழுதிக் கேக்குறாரு. எட்டிப் பார்த்தா, இந்த கேம்தான்."

அவன் அதை விளையாட்டாகச் சொல்கிறான் என்றே நினைத்தோம். ஒரு வீரனாவது வீழாமலா போவான்?

ஞாயிறு மாலை வியாபாரி உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். நான் கூடத்தில் மேசைக்கணினியின் முன்னால் அமர்ந்தேன். மனைவி மடிக்கணினியைச் சமையலறைக்கு எடுத்துச் சென்று, அடுப்புமேடையில் மாவுப் பாத்திரத்துக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். இடையில் ஒரு சுவர். அவள் விசைகளைத் தட்டும் ஓசை எனக்குக் கேட்டது. என் ஓசையும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

என் கோட்டை தெற்கே, அவளுடையது வடக்கே. தொடக்கத்தில் இருவரும் செவ்வனே உழுதோம், விளைவித்தோம், குதிரைகளைப் பெருக்கினோம். போதிய படை சேர்ந்ததும், அன்னாசித் தொப்பியணிந்த முதியவரை முன்னிறுத்திப் புறப்பட்டேன். மேற்கே திரும்பி, மலையை வலமாகச் சுற்றி, அவள் வருவாள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே போனேன். யாரும் வரவில்லை. வடக்கே அவளுடைய கோட்டையை அடைந்தேன். அங்கே மதில் இருந்தது, படை இல்லை.

ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அவளும் புறப்பட்டிருக்கிறாள். வடக்கிலிருந்து புறப்படுபவருக்கு வலம் என்பது கிழக்கு. நான் மேற்கில் வந்த நேரத்தில் அவள் கிழக்கில் போயிருக்கிறாள். இந்நேரம் என் கோட்டை வாயிலில் நிற்கிறாள். மதிலை உடைக்க நெடுநேரமாகும். அதற்குள் அவள் என்னுடையதை உடைத்துவிட்டால்? உடனே படையை வீட்டுக்கு ஓட்டினேன். எந்தப் பக்கமாக ஓட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சியிருந்த கிழக்குப் பாதையால் வலத்தை நிறைவு செய்து தெற்கே வந்து சேர்ந்தேன்.

என் கோட்டை பத்திரமாக இருந்தது. அங்கேயும் யாருமில்லை. அவளும் அதே அச்சத்தால் அதே கணத்தில் மேற்காகத் தன் வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

"ஆஹா" என்றார் வியாபாரி.

மறுபடியும் புறப்பட்டேன். மறுபடியும் அவள் கோட்டை வெறிச்சோடியிருந்தது. மறுபடியும் ஓடிவந்தேன். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் இருவர் படைகளும் மலையின் இரு பக்கங்களிலும் நேர் எதிரெதிராக, ஒன்றையொன்று காணாமல், ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கிறது. நின்றுவிடலாம்தான். ஆனால் நிற்கும் படையை ஓடிவரும் படை சிதறடித்துவிடும் என்பது அந்த விளையாட்டின் முதற்பாடம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. ஆகவே இருவரும் நிற்கவில்லை.

"மாமா, ரிவர்ஸ் எடுங்க!" என்று மைத்துனன் கத்தினான். "எதிர்ப்பக்கமா வந்தா பாதி வழியில அக்காவைப் பிடிச்சிடலாம்!"

"இதென்ன, அவருக்கு மட்டும் ஐடியா குடுக்கறே?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நீயும் எடு அக்கா, யார் வேணும்னாலும் எடுங்க! டைம் போகுது!"

"நீ எடுப்பியாடா?"

"நான் கேப்டன். எனக்கு வேற வேலை இருக்கு."

"ஏழாவது சுத்து" என்றார் வேங்கிக்கால் அம்மையார். அன்று அவர் பேசிய முதற்சொல் அது.

வியாபாரி மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "குதிரைங்களுக்குத் தண்ணி காட்டுறீங்களா? இவ்ளோ நேரம் ஓடுதுங்களே, பாவம்."

நேரம் கரைந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் மணல்கடிகை பாதிக்குமேல் ஒழிந்துவிட்டது. இதை இப்படியே விட்டால் நான் மறுபடியும் உள்ளறைக்குப் போக வேண்டும். விடைத்தாள்களோடு இன்னொரு பருவம் முழுதும், சுவருக்கு அப்பால் கேட்கும் சிரிப்புக்குக் காது கொடுத்துக்கொண்டு. அந்த எண்ணம் என்னைத் துணிய வைத்தது. படை தெற்கே வந்து சேர்ந்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வரைந்த மலைதான், எனினும் பொறுத்தருள வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு படையைக் கிழக்கே திருப்பினேன்.

கண்ணைத் திறந்தபோது மலை என் இடப்பக்கம் இருந்தது. இருந்தும் ஒரு வீரம் பிறந்தது. இதோ இந்த வளைவில் அவள் எதிர்ப்படுவாள். அடுத்த வளைவில் நிச்சயம். வலமாகச் சுற்றிவரும் அவள் குதிரைகளின் நெற்றியில் என் ஈட்டிகள் பாயும். வளைவுகள் எல்லாம் கடந்தன. வடக்கே, அவளுடைய கோட்டைக்கு முன்னால், பழைய வெறுமை என்னை வரவேற்றது.

சமையலறையிலும் விசையொலி நின்றிருந்தது.

மைத்துனன், கடன்காரனைக் கண்டவன் குரலில், "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிட்டீங்க" என்றான்.

"நீங்க திருப்ப மாட்டீங்கனு நெனச்சுத்தான்ங்க நான் திருப்பினேன்!" என்றாள் அவள், சுவருக்கு அப்பாலிருந்து.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அதெப்படி நீங்க திருப்பலாம்? காலேஜுல அத்தனை பேருக்குப் பாடம் சொல்றவரு!"

"நீ மட்டும்?"

"நான் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் திருப்பினேன்."

"அப்பிரதட்சணமா சுத்துறாங்களே ரெண்டு பேரும்" என்று வியாபாரி மெல்லச் சொன்னார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. நால்வர் பார்க்க நடுவீதியில் பிடிபட்டவனைப்போல், ஒரு நொடிகூடத் தாமதியாமல், படையைப் பழைய திசைக்கே திருப்பினேன். அவளும் அதே கூச்சத்தால் அதே நொடியில் திருப்பினாள் என்பதை இனிச் சொல்வது மிகை. மீதமிருந்த நேரம் முழுவதும் இரு படைகளும் மலையை முறையாக வலம் வந்தன. கடைசிச் சுற்றை நாங்கள் இருவரும், எனக்குத் தெரிந்தவரை, போர் செய்யும் நோக்கத்தோடு சுற்றவில்லை. செய்த பிழைக்கு ஈடுகட்டும் நோக்கமே இருந்தது.

மணல் தீர்ந்தது. இரண்டு திரைகளிலும் தோல்வி என்னும் சொல் எழுந்தது. என் அன்னாசித் தலைவர் மண்டியிட்டு அழுதார். அழும்போதும் சிறகுகள் மின்னின.

"ஒரு உசிரு போகலை" என்றார் நடுவர். "இவ்ளோ வருஷமா ஆடுறேன், இந்த மாதிரி ஒரு நல்ல சண்டையை நான் பார்த்ததே இல்ல."

மறுநாள் மைத்துனன் சொன்னதைச் செய்தான். மூன்றாம் மாடிக்குச் சென்று, தாளில் எழுதிக் கேட்டான். வெள்ளைக்காரர் புன்னகைத்துத் தலையசைத்தார். அணியின் நான்காம் இடம் அவருக்குப் போயிற்று.

அதன் பின் சில நாள்கள் வீடு அமைதியாக இருந்தது. மாலையில் அவள் கூடத்தில் உட்காருவாள், மடிக்கணினியைத் திறக்கமாட்டாள். நான் உள்ளறையில் உட்காருவேன், விடைத்தாள்களைத் திறக்கமாட்டேன். தோசை தடிமனாக வந்தது. உண்டேன். சட்னியில் உப்பில்லை, அது மருத்துவர் ஆணையா அவள் ஆணையா என்று தெரியாமல் அதையும் உண்டேன்.

பருவத்தொடரின் முதற்போர் அன்று மாலை, அவள் உள்ளறை வாயிலில் வந்து நின்றாள்.

"ஆரம்பிச்சுட்டாங்க. பார்க்கறீங்களா, இல்லியா?"

"பார்த்தா அழுத்தம் ஏறும்."

"ஏறட்டும். தனியாப் பார்த்தா எனக்கு ஏறுது."

கூடத்தில் ஒரே மெத்திருக்கையில் அமர்ந்து, மடிக்கணினியை இருவர் முழங்காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டோம். பார்வையாளர்களாக உள்ளே போகலாம், பேச முடியாது. எங்கள் தரப்பு தெற்கே. எதிரணி, ஊரெல்லாம் அறிந்த உண்மையை அறிந்து, தொடக்கத்திலேயே தன் முழுப்படையையும் மேற்குச் சரிவுக்கு அனுப்பி மரநிழலில் ஒளிந்துகொண்டது.

வெள்ளைக்காரர் படை திரட்டினார். பெரிய படை. கோட்டைக்குள் வரிசையாக நிறுத்தினார். பிறகு ஒன்றும் செய்யவில்லை.

"என்னங்க பண்றாரு?"

"காத்திருக்காரு போல."

"எதுக்கு?"

அது யாருக்கும் தெரியவில்லை. மைத்துனனும் அம்மையாரும் அவரை விட்டுவிட்டுப் புறப்படத் துணியாமல் தம் வாயிலிலேயே நின்றார்கள். அவரை அழைத்துக் கேட்கவும் வழியில்லை, கேட்டாலும் பேசமாட்டார். வியாபாரி மட்டும் தம் வழக்கப்படி உழுதுகொண்டிருந்தார். அவருடைய வயல்கள் பெருகின, களஞ்சியங்கள் நிறைந்தன, திரையின் தெற்குப் பகுதி முழுதும் பச்சை படர்ந்தது. மேற்கே மரநிழலில் எதிரணியின் குதிரைகள் வால் வீசிக்கொண்டு நின்றன. வருவார்கள், எப்படியும் வருவார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் உழவை மறந்தார்கள். முதலில் அவர்களுடைய தீனி தீர்ந்தது. பிறகு வீரர்கள் ஒவ்வொருவராய்ப் பசியில் சுருண்டு விழுந்தார்கள்.

"அட, ஒரு அடி எடுத்து வைய்யா!" என்று என் மனைவி திரையைப் பார்த்துக் கத்தினாள். "நீயெல்லாம் எதுக்கு ஆட வந்தே?"

"குதிரையை வெளியில விடுய்யா! கண்ணெதிர்ல பசியில விழறானுங்க!" என்று நானும் கத்தினேன். கல்லூரி வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் யாரையும் அந்தத் தொனியில் விளித்ததில்லை.

"அந்தக் கிழக்குப் பக்கம் காலியாத்தான இருக்கு? இவருக்கென்ன, எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாமே!"

"நமக்கிருக்கிற தடை அவருக்கில்லையே!"

"வெறுமனே உக்காந்திருக்காரு பாருங்க, கல்லு மாதிரி!"

நாங்கள் இருவரும் மாறி மாறி வைததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நெடுநாளாக அந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே பொருள்பற்றி இத்தனை வாக்கியங்கள் பேசியதில்லை. அவள் சொல்லத் தொடங்கியதை நான் முடித்தேன். நான் சொல்லத் திணறியதை அவள் இன்னும் கடுமையான சொல்லில் சொன்னாள். நடுவே ஒருமுறை, எதிரணிக் குதிரை ஒன்று பசி தாளாமல் நின்ற மரத்தையே தின்னத் தொடங்கியபோது, இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டு மறுபடியும் வையத் தொடங்கினோம்.

நேரம் முடிந்தது. விளைச்சல் மிகுந்த தரப்பு என்ற முறையில் எங்கள் அணி வென்றது. அணியின் வரலாற்றில் அந்தக் களத்தில் கிடைத்த முதல் வெற்றி அது. உடனே மைத்துனன் அழைத்தான். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்காதீங்க. ஜெயிச்சோம்னு ஆடிக் காட்டுவான்."

அது அடித்து ஓய்ந்தது. அவள் மடிக்கணினியை மூடாமல், கோட்டைக்குள் இன்னும் அப்படியே வரிசையில் நின்ற அந்தப் படையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த ஆளுக்கு விசா எப்ப முடியுது?"

"உன் தம்பியைத்தான் கேக்கணும்."

"நீங்க கேக்காதீங்க. நான் கேக்கறேன்" என்று சொல்லி, அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க எழுந்து போனாள்.

காலையிலேயே நான் கேட்டுவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.